வேவர்லியின்ர சில்லு

வெள்ளவத்தை

அன்பின் சிவா மச்சான்,

பதில் போடேல்லை எண்டு திட்டியிருப்பாய், திட்டு. இங்க எல்லாரும் சுகம். எனக்குப் பிரஷர் குளிசையைக் கூட்டிப்போட்டினம், அதை விடு. தங்கச்சியின்ர முழங்கால் எப்பிடி?

விஷயத்துக்கு வாறன். கப்பல் கட்டுறன். சிரியாதை. பெட்டியில வாற கிற் இல்லை, வெறும் ஸ்ரைரீன் எண்ட பிளாஸ்ரிக் சீற்றில எல்லாத்தையும் நானே வெட்டி ஒட்டுறது. கப்பல் வேவர்லி. 1946 இல கிளாஸ்கோவில தண்ணியில இறக்கினது. கடலில சனத்தை ஏத்தி ஓடுற துடுப்புச் சில்லுக் கப்பலில உலகத்திலேயே மிஞ்சினது அது ஒண்டுதான். 73 மீற்றர் நீளம். நூறில ஒரு பங்காக் கட்டினாலும் சாப்பாட்டு மேசையில பாதி போகுது. மற்றப் பாதியில அவ மரக்கறி வெட்டுறா, முணுமுணுத்தபடி.

உடல் பாகம் சுகமா வந்திட்டுது. கத்தியால கீறி மடிச்சால் டக்கெண்டு முறியிற சாமான். ஒட்டுறதும் பசையால இல்லை. ஒரு திரவம், தூரிகையால இடுக்கில தொட்டால் தானே உள்ளுக்கு ஓடி ரெண்டு துண்டையும் உருக்கி ஒண்டாக்கும். தட்டுக்கு மேல தட்டு ஒட்டேக்க மட்டும் உள்பக்கத்தில சின்னத் துளையள் போடவேணும், இல்லாட்டி அடைபட்ட ஆவி நாள் போக வளைச்சுப்போடும். யோகட் கோப்பையின்ர அடியில முக்கோணத்துக்குள்ள 6 எண்டு இருந்தால் அதுவும் இதே சாதிதான். நறுக்கி அந்தத் திரவத்தில ஊறவிட்டால் வெடிப்பு அடைக்கிற களி ரெடி. பேரன் யோகட்டாத் தின்னுறான், கப்பலுக்கு எண்டு சாட்டு.

சில்லிலதான் மாட்டுப்பட்டு நிக்கிறன். சில்லைச் சுத்தித் தண்ணியைத் தள்ளுற பலகையளை அசையாமல் அடிச்சால், தண்ணிக்குள்ள போகேக்க அறையும், வெளிய வரேக்க தண்ணியை அள்ளித் தூக்கும். அவ்வளவும் வீண் சக்தி. அதால வேவர்லியில ஒவ்வொரு பலகையும் பிணைச்சலில ஆடும். அச்சுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு மையம், அதில இருந்து பலகைக்கொரு தண்டு. சில்லு சுத்தேக்க அந்தத் தண்டுகள் இழுத்தும் தள்ளியும், தண்ணிக்குள்ள நிக்கிற பலகையைக் கிட்டத்தட்டச் செங்குத்தா வைச்சிருக்கும். என்ன மூளை பார்! ரெண்டு பக்கச் சில்லும் ஒரே அச்சு, அது எனக்கு லேசு. ஆனால் பிணைச்சலுக்கு ஸ்ரைரீன் ஊசி சரிவராது, தேஞ்சுபோகும்.

இவ்வளவையும் செய்து முடிய, சில்லுக்கு மேல ஒரு பெட்டி வந்து மூடிப்போடும். மருமகன் கேக்கிறார், "ஆர் மாமா குனிஞ்சு பாக்கப்போறது?" நீயும் அதைத்தான் சொல்லுவாய். சேட்டுக்குள்ள இருக்கிற பெனியனைத் தோய்ச்சறியாத ஆள் தானே.

ஆனால் கேள். இதுக்கு முந்தியும் ஒரு வேவர்லி இருந்தது. 1899 இல கட்டின அது, 1940 இல பிரான்ஸ் கரையில டன்கேர்க்கில ஆமிக்காரரை ஏத்திக்கொண்டு வரேக்க குண்டு பட்டுத் தாண்டது. சண்டை முடிய அதே பேரில திரும்பக் கட்டினவை. பேரனுக்கு ஆற்ற பேர் வைச்சனாங்கள் எண்டு உனக்குத் தெரியும். இதில ஏனோதானோ எண்டு கை வைக்க எனக்கு மனம் வருகுதில்லை.

சித்திரையில வரேக்க மெல்லிய பித்தளைக் கம்பி, அரை மில்லிமீற்றர், கொஞ்சம் கொண்டு வா. இரும்பு வேண்டாம், இந்தக் கடல் காத்துக்குத் துருப்பிடிக்கும். சொக்லேற்றைக் குறைச்செண்டாலும் அதுக்கு இடம் வை.

உன்ர,
ராசன்