ஹீரோ குத்தினால் ஹீரோவும் பறக்கணும்: இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் புத்தகத்தில் மூன்றாம் அலகு இயக்க விதிகள். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். அதே பிள்ளை சாயங்காலம் டிவியில் ஹீரோ ஒரு குத்து விட, அடியாள் இருபதடி தள்ளிப் போய் விழுவதையும் பார்க்கிறது. இரண்டும் ஒரே மண்டைக்குள் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன, பேச்சுவார்த்தை இல்லாமல். அவற்றைப் பேச வைக்க சண்டைக் காட்சியைவிட நல்ல உபகரணம் உங்கள் ஆய்வகத்தில் கிடையாது. அதைப் பயன்படுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். ஹீரோ 70 கிலோ, அடியாள் 80 கிலோ. குத்து கிடைமட்டமாக விழுகிறது, அடியாள் 6 மீட்டர் தள்ளி விழுகிறான். உடம்பின் நிறை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தரைக்கு வர 0.45 விநாடி. அதற்குள் 6 மீட்டர் போக வேண்டுமானால் வேகம் விநாடிக்கு 13.3 மீட்டர், அதாவது மணிக்கு 48 கிலோமீட்டர். உந்தம் 80 × 13.3 = 1,064. அதே உந்தம் எதிர்த்திசையில் ஹீரோவுக்கும் வந்தே தீர வேண்டும். 70-ஆல் வகுத்தால் விநாடிக்கு 15.2 மீட்டர், மணிக்கு 55 கிலோமீட்டர். ஆக, அடி வாங்கியவன் 6 மீட்டரில் விழ, அடித்தவர் பின்பக்கமாகப் பறந்து 6.9 மீட்டரில் விழுகிறார்! வகுப்பு சிரிக்கும். சிரித்து முடிக்கும் முன்பே "ஏன் ஹீரோ கூடுதல் தூரம்?" என்று கேளுங்கள். நிறை குறைவு என்ற பதில் கடைசி பெஞ்சிலிருந்து வரும்.

"அவர்தான் காலை ஊன்றி நிற்கிறாரே சார்" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்க வேண்டும். உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்தால், தரை தரக்கூடிய விசை சுமார் 410 நியூட்டன். குத்து படும் நேரம் 0.02 விநாடி என்றால் கணத்தாக்கு (விசை × நேரம், அதாவது உந்தத்தில் வரும் மாற்றம்) 8. தேவைப்படுவதோ 1,064. எந்த ஷூ போட்டாலும் தாங்காது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். அடியாள் 45 டிகிரியில் மேலே பறப்பதாகக் கணக்கு வைத்தால், எதிர்விசை ஹீரோவின் பாதத்தைத் தரையில் அழுத்தும், செங்குத்து விசை ஏறும், உராய்வும் கூடவே ஏறும். ஹீரோ பறக்க மாட்டார், சறுக்குவார். முதல் நாள் கிடைமட்டக் குத்தோடு நிறுத்திக்கொண்டு, இதை மறுநாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு வேண்டுகோள். "இதெல்லாம் சுத்த டூப்பு, நடக்கவே நடக்காது" என்று முடித்துவிடாதீர்கள். வகுப்பில் பாதிப் பேர் அந்த நடிகரின் ரசிகர்கள். அவரைக் கேலி செய்த நொடியிலேயே அவர்கள் காதை மூடிக்கொள்வார்கள். "இது நடக்கணும்னா என்னென்ன வேணும்?" என்று கேட்டால் அதே ரசிகன்தான் முதலில் பேப்பரை எடுப்பான். அந்தக் காட்சியில் உயிரைப் பணயம் வைத்துப் பறந்த ஸ்டண்ட் கலைஞர் இயற்பியலை ஒரு இம்மிகூட மீறவில்லை என்பதையும் சொல்லுங்கள். அவரை இழுத்தது ரோப். அதற்கான தடயம் திரையிலேயே இருக்கிறது. குத்து விழுவது தாடையில். அப்படியானால் தலைதான் முதலில் பின்னால் போக வேண்டும். காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்தால் இடுப்பு முதலில் போகும். தலையும் கைகளும் கால்களும் முன்பக்கமாகத் தொங்கி, உடம்பு வில்லாக வளைந்து, பின்னாலேயே வரும். சட்டைக்குள் கட்டிய பட்டை இழுப்பது இடுப்பை, மற்ற உறுப்புகள் நிலைமத்தால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. முதல் விதியை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் வரைந்து காட்டாது.

ஃபிரேம் தள்ளுவது எளிது. யூடியூப்பில் வீடியோவை நிறுத்திவிட்டு, கீபோர்டில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னே, காற்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃபிரேம் பின்னே போகும். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், ஆகவே ஃபிரேமை எண்ணினாலே நேரம் கிடைத்துவிடும். மாற்றி ஏற்றிய வீடியோக்களில் 25, 30 என்றும் இருக்கும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஷாட் மாறும் இடத்தைத் தாண்டி எண்ணினால் விடை குப்பை. ஸ்லோமோஷன் வேறு குழப்பும். அதற்குப் புவியீர்ப்பே கடிகாரம். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் 11 ஃபிரேமில் தரையைத் தொட வேண்டும். 33 ஃபிரேம் எடுத்தால் காட்சி மூன்று மடங்கு மெதுவாக்கப்பட்டிருக்கிறது. தோளிலிருந்து விழும் துண்டை வைத்து அளக்கக் கூடாது, காற்று அதைத் தாங்கிவிடும்.

மாடியிலிருந்து விழும் கதாநாயகியைக் கையில் ஏந்தும் காட்சிக்கு ஒரே வரி போதும். விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்த தூரத்தால் வகுக்க வேண்டும். 30 மீட்டர் விழுந்து, ஹீரோவின் கை அரை மீட்டர் தாழ்ந்தால் 60. அதாவது அவரை நிறுத்தும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 60 மடங்கு. 3 மீட்டர் அமுங்கும் காற்றுமெத்தை என்றால் 10 மடங்கு.

நேரம் ஒதுக்க வேண்டியது தக்காளி வண்டிக்கு. மார்க்கெட் சண்டையில் வண்டி கவிழ்ந்து தக்காளி சிதறும் பத்து விநாடியை செல்போனில் ரிவர்ஸ் ஆக்கிப் போடுங்கள். தெருவில் கிடந்த தக்காளியெல்லாம் உருண்டு, துள்ளி, வண்டியில் ஏறி அடுக்காக உட்காரும்போது சிரிக்காத பிள்ளை இருக்காது. "எந்த விதி மீறப்பட்டது?" என்று கேளுங்கள். உந்த அழிவின்மை மீறப்படவில்லை. ஆற்றல் அழிவின்மை என்பார்கள், அதுவும் இல்லை. உருளும் தக்காளி தானாக வேகமெடுப்பதற்கு ஈடாகத் தரை ஒரு துளி குளிர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். பிறகு ஏன் நம் கண் ஏற்க மறுக்கிறது? ஆளுக்கு 10 நாணயம் கொடுத்துக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். தலை என்றால் வண்டியில், பூ என்றால் தெருவில். பத்தும் வண்டியில் இருக்க ஒரே ஒரு வழி, மொத்த வழிகளோ 1,024. நாணயம் 20 ஆனால் மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டும். ஒரு கூடைத் தக்காளிக்கு எத்தனை, தரையிலுள்ள அணுக்களையும் சேர்த்தால் எத்தனை என்று அவர்களே கேட்பார்கள். இந்த "எத்தனை வழி"யின் அளவான என்ட்ரோபி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுத வேண்டிய நேரம் அதுதான். அதற்கு முன்னால் எழுதினால் "ஒழுங்கின்மை" என்று மனப்பாடம் செய்துவிட்டு, அலங்கோலமான வீட்டுக்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். "எத்தனை வழி" என்று எண்ணிப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வராது. வெப்ப இயக்கவியல் எட்டாம் அலகில்தான் வருகிறது, காட்சியைத் தேடி வைக்க இன்னும் அவகாசம் இருக்கிறது.

அன்புடன்,
இயற்பியலையும் சினிமாவையும் சேர்த்தே நேசிக்கும் சிலர்