பிளேடு மாற்றும்போது கூட ஓர் ஆள் வேண்டும்

செங்கோட்டை
தை மாதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது சீரியலில் வருகிறவர்களின் சேலையில்கூடக் குறை கண்டுபிடிக்கிறாள். வடக்கு வீட்டுப் பாதை விவகாரம் ஒருவழியாகத் தீர்ந்தது, பெரியப்பாதான் இறங்கி வந்தார். மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

உன் மரம் அறுக்கிற மில்லில், சக்கரத்தில் வளையமாகச் சுற்றி ஓடுகிற பிளேடால் நீ அறுத்த பலகையின் படத்தை அண்ணன் பெரிதாக்கிக் காட்டினான். "அலை அடிக்குது, ஏம்ப்பா?" என்று ஒரு வரிதான் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால் தாளில் எழுதுகிறேன். அண்ணன் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். அனுப்புகிறவன் படிக்காமலா இருப்பான், அதனால் சிலதை எழுதாமல் விட்டிருக்கிறேன். உனக்குப் புரியும்.

பலகை நேராக வராமல் அலை மாதிரி மேடுபள்ளமாக வரப் பல காரணம் உண்டு. பல் மழுங்கினாலும் வரும், பிளேடு தொய்ந்திருந்தாலும் வரும், அவசரப்பட்டுத் தள்ளினாலும் வரும். உன் பலகையில் முடிச்சு இருக்கிற இடத்தில் மட்டும்தான் ஏறி இறங்கியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர். அப்படியென்றால் பிளேடு சுற்றுகிற சக்கரமும் அதைத் தாங்குகிற ரோலரும் சரியாக இருக்கின்றன, நீ மில்லை மட்டம் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறாய். பல்தான் அந்த மரத்துக்கு ஒத்துவரவில்லை.

பிளேடு பெட்டியில் 10/30 என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். முதல் எண் பல்லின் முகம் முன்னால் சாய்ந்திருக்கிற அளவு, இரண்டாவது பல்லின் முதுகுப் பக்கச் சரிவு. 10 டிகிரி சாய்ந்த பல் தன்னைத்தானே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஈரமான பைன் மரத்துக்கு அதுதான் ராஜா. நீ அறுத்தது ஆஷ் மரம். 2002இல் கனடாவில் விண்ட்சர் பக்கம் கண்டுபிடித்த பச்சை வண்டு என்று நீதானே சொன்னாய், அதன் புழு பட்டைக்கு அடியில் தின்று தின்று, மரம் நின்றபடியே செத்துக் காய்ந்துபோகிறது என்று. அப்படிக் காய்ந்த கட்டையில் முடிச்சு வரும்போது அந்தச் சாய்வு தாங்காது, பிளேடு வழி மாறி மேலே ஏறும். 7 டிகிரி வாங்கு. பனியில் உறைந்த மரத்தடிக்கு 4 டிகிரி. வெளியே இளகி உள்ளே உறைந்து கிடக்கிற தடியைத் தொடவே தொடாதே. இளகின இடத்தில் ஒரு மாதிரியும் உறைந்த இடத்தில் ஒரு மாதிரியும் ஓடும், கேட்டால் பிளேடு மேல் பழி போடுவோம்.

கடைக்காரன் 55 கனத்தில், அதாவது ஆயிரத்தில் 55 பங்கு அங்குலக் கனத்தில் பிளேடு போடு, அலையே வராது என்பான். நம்ம மில்லில் 36 அங்குலச் சக்கரம், அதில் கனமான ரம்ப வாள் சுற்றலாம். உன் சக்கரம் 19 அங்குலம். சின்னச் சக்கரத்தில் கனமான பிளேடு ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து வளைந்து பல்லுக்கு அடியில் கீறல் விடும். உன் 14 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 42 போதும், ஆயிரத்தில் 42 பங்கு அங்குலம்.

கனத்தைவிட முக்கியம் பல்லின் வளைவு. ஒரு பல் இடப்பக்கம், ஒரு பல் வலப்பக்கம், ஒன்று நேர். அந்த வளைவுதான் பிளேடின் உடம்பு மரத்தில் உரசாமல் வழி விடுகிறது. அறுத்த பலகையைக் கையால் தடவிப் பார். தூள் அப்பிக்கொண்டு கையில் மாவாக வந்தால் வளைவு போதவில்லை. ஒரு பக்கம் கோடு கோடாகக் கீறியிருந்தால் அந்தப் பக்கத்துப் பல் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஈரமான பைனுக்கு வளைவு கொஞ்சம் கூடுதல், காய்ந்ததற்கும் உறைந்ததற்கும் குறைவு. உன் 158 அங்குல பிளேடில் சுமார் 180 பல் இருக்கும். முதலில் வளைவைச் சரி செய், அப்புறம் சாணை.

சாணையை வெளியே கொடுக்கப் போவதாகச் சொன்னாயாம் அம்மாவிடம். சாணைக்காரன் மகள் சாணைக்குக் காசு கொடுக்கிறாள் என்று ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள். சரி, அது உன் இஷ்டம். சி.ஏ. படித்தவள், ஒரு பல்லுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டிருப்பாய். ஆனால் பார்க்கவாவது தெரிந்துகொள். பிளேடை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பல் நுனியைப் பார். மழுங்கின நுனி வெள்ளைக் கோடாக மினுங்கும். கூரான நுனி மினுங்காது, வெளிச்சம் அதில் நிற்க இடமே இருக்காது. கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுத்தால் நகம் சுருள் சுருளாகச் சீவி வரும். இது இரண்டும் இல்லாமல் "கூர் பிடித்தாச்சு" என்று யார் சொன்னாலும் வாங்காதே. பல் நீலமாகியிருந்தால் சூட்டில் பதம் போய்விட்டது, அந்தப் பல் செத்தது. நுனியை மட்டும் தேய்த்துக் கொடுக்கிறவனிடம் மறுபடி போகாதே. இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள குழிவு முழுவதையும் கல் லேசாகத் தொட்டுப் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல் அங்கேதான் பிறக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டால் பிளேடு அறுபடுவது அந்த இடத்தில்தான்.

அறுபட்டால் வெடி போட்ட மாதிரி சத்தம் கேட்கும். பிளேடு ஓடுகிற நேர்கோட்டில் நிற்காதே. சத்தம் மாறும்வரை ஓட்டாதே. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் கழற்றி வேறொன்று மாட்டு. வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிடு. ஓடும்போது சூட்டில் நீண்ட இரும்பு ஆறும்போது சுருங்கும், இறுக்கியபடி விட்டால் ராத்திரி முழுக்க அது சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். பிளேடு மாற்றும்போது கூட ஓர் ஆள் வேண்டும். மூன்று வளையமாகச் சுருட்டி வருகிற பிளேடு, கட்டு அவிழ்ந்ததும் துள்ளி விரியும். தடிமனான கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டிருந்தாலும், விரிகிற வேகத்தில் அது முகத்துக்கு வருமா காலுக்கு வருமா என்று சொல்ல முடியாது. இங்கே வாள் மாற்ற இரண்டு பேர் இல்லாமல் முதலாளி மில்லையே ஓட்ட விடமாட்டார்.

நீ அனுப்பிய வீடியோவில் பிளேடை நீதான் விரித்தாய். போனை ஏதோ கட்டையின் மேல் சாய்த்து வைத்திருந்தது. ஆள் இருந்தால் போனை ஏன் சாய்த்து வைக்க வேண்டும் என்று உன் அம்மா கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று தீபாவளிக்குச் சொன்னாய். பொங்கலுக்கும் வேலை அதிகம் என்றாய். அந்த நாட்டில் வேலை அப்படித்தான் இருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் தடி இழுத்துக் கொடுத்தார் என்றாயே, பிளேடு மாற்றுகிற அன்றைக்கு அவரையாவது கூப்பிட்டுக்கொள். கேட்டால் வருவார். கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. சங்கரன்கோவில் சித்தி யாரிடமும் கேட்கமாட்டேன் என்றுதான் அத்தனை வருஷம் இருந்தாள்.

டீக்கடையில் உன் வீடியோவைக் காட்டினேன். பழைய மில்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். தடியைப் புரட்டும் கொக்கியை நீ பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், பிள்ளை தனியாவா நிக்குது என்று கேட்டார். இல்லை, மாப்பிள்ளைதான் படம் பிடித்தார் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டோரத்தில் நின்ற மரத்தை வாங்கினால் ஆணி பார். இங்கே பேய் ஓட்டி ஆணி அறைந்த புளியமரத்தில் எத்தனை வாள் போயிருக்கிறது என்று உனக்குத் தெரியும். உங்கள் ஊர் மேப்பிள் மரத்தில் சாறு இறக்க அடித்த குழாய் உள்ளேயே கிடக்கும். அடிக்கட்டையின் வெட்டுமுகத்தில் நீலக்கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள். பைன் அறுக்கும்போது பிசின் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் சொட்ட விடு. அங்கே தண்ணீர் உறைந்துவிடும் என்றால் குளிர்காலத்துக்கென்று விற்கிற கார்க் கண்ணாடி துடைக்கிற திரவம் ஊற்று, உறையாது.

தை முடிய ஒரு தடவை வந்துவிட்டுப் போகலாமே என்று அம்மா சொல்கிறாள். டிக்கெட்டுக்கு அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அவன் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டான். தனியாக வந்தாலும் சரி. மில் எங்கேயும் ஓடிப்போகாது, பிளேடைத் தளர்த்தி எண்ணெய் தடவிவிட்டு வா.

7 டிகிரி பிளேடு வந்ததும் மாட்டிப் பார்த்து, அறுத்த பலகையையும் பல்லையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. பிளேடு மாட்டுகிறதையும் வீடியோ எடு. போனைக் கட்டையில் சாய்த்து வைக்காமல், யாரையாவது கையில் பிடித்து எடுக்கச் சொல்.

இப்படிக்கு,
அப்பா