மழைக்குப் பயந்தவளின் நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். வந்தால் "அதெல்லாம் ஒரு விஷயமா புள்ள" என்று தேத்தண்ணி ஊத்திக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். பேர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பேரையும் போடவில்லை. வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியபோது, நான் எங்கள் தோட்டத்து முன்பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து தகரத்தில் மழை விழுந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்திட்டு நகருவது மாதிரியே காதில் கேட்கும். பிள்ளைகளுக்குச் சப்பாத்து போட்டே படுக்க வைத்த இரவுகள் உண்டு.

சில வருசத்தில் அது உடம்பிலும் ஏறிவிட்டது. ஒரு இரவு நெஞ்சு படபடவென்று அடித்து, கை விறைத்து, மூச்சு எடுக்க முடியாமல் அடுப்படியில் விழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில். பனிமூட்டத்தில் முன்னால் ரோடே தெரியாத நேரத்தில் ஆட்டோவை எடுத்து வந்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த தம்பிக்கு முதல் நன்றி. அந்த மழைக்காலத்தில் நாலு தடவை வந்தீர்கள். நாலாவது தடவையும் முகம் சுளிக்கவில்லை. பெற்றோல் காசுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

நாலு தடவையும் இ.சி.ஜி. சரியாகவே இருந்தது. வார்டில் ஒருவர் "இவ நடிக்கிறா" என்றார். அதைத் தாங்கிக்கொண்டேன். ஜெபக்கூட்டத்தில் ஒருவர் "விசுவாசம் இருந்தா பயம் வருமா?" என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப்பிறகு பயத்தை ஒளித்து வைக்கப் பழகினேன். ஆலயத்தில் கையை உயர்த்திப் பாடுவேன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நடுங்குவேன்.

பாஸ்டரம்மா, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் வந்து வாசற்படியில் உட்கார்ந்து, என் சுளகை வாங்கிப் போஞ்சி ஒடித்துக்கொண்டே, "சங்கீதம் 56 எடு, மூணாவது வசனத்த வாசி" என்றீர்கள். வாசித்தேன். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

"பயப்படாத நாள்லன்னா போட்டிருக்கு?" என்று கேட்டீர்கள். "தாவீது இத எப்ப பாடுனாரு தெரியுமா? காத்ங்கிற ஊர்ல, பெலிஸ்தர் கையில மாட்டியிருந்தப்ப. காத் யாரோட ஊரு? கோலியாத்தோட ஊரு. கோலியாத்தயே அடிச்ச ஆளு, அவன் ஊர்லயே பயந்து போய் நின்னாரு. அவருக்கு விசுவாசம் இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா?"

அன்று அழுத அழுகையில்தான் என் நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. வேறு யாராவது என்றால் ஜெபித்துவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் ஜெபித்துவிட்டு, "வர்ற கிளினிக் நாளுக்கு ரெண்டு பேரும் போறோம்" என்றீர்கள். விடிய முன்னமே பஸ் ஏறி, மனநல கிளினிக் வாங்கில் மத்தியானம் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். தோட்டத்தில் யார் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று நான் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டேன். நீங்கள் இழுத்துக்கொள்ளவில்லை.

டொக்டர் அம்மா, இதை யாராவது உங்களுக்குச் சிங்களத்தில் சொல்வார்கள் என்று நம்புகிறேன். தெரிந்த கொஞ்சத் தமிழில் என்னிடம் பேசினீர்கள். "பயம் பொய் இல்லை. ஆபத்து வந்தா ஓட உடம்பு தயார் ஆகுது. உங்களுக்கு ஆபத்து இல்லாதப்பவும் அப்படி ஆகுது, அதுதான் நோய்" என்றீர்கள். அதைக் கேட்டபிறகுதான் என் உடம்பு மேல் எனக்கிருந்த கோபம் போனது. குளிசை வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், நினைத்தபடி நிறுத்தக்கூடாது என்றீர்கள். மூச்சை மெதுவாக, நீளமாக விடப் பழக்கினீர்கள். மழை பெய்யும்போது வாசலில் ஐந்து நிமிசம் உட்காரச் சொன்னீர்கள், பிறகு பத்து, பிறகு இருபது. இரவில் தாங்க முடியாவிட்டால் எடுக்கச் சொல்லி 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தைக் கிளினிக் கொப்பியில் பெரிதாக எழுதித் தந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜெபக்குழு அக்காமார், மழை பெய்கிற இரவுகளில் ஒன்பது மணிக்கு உங்களில் ஒருவர் போன் எடுப்பீர்கள். "பயப்படுகிற நாளில்" என்று தொடங்குவீர்கள், "உம்மை நம்புவேன்" என்று நான் முடிப்பேன். அவ்வளவுதான், வைத்துவிடுவீர்கள். கொழுந்து எடுத்துக் களைத்து வந்த உடம்போடு முறைபோட்டு அதைச் செய்தீர்கள்.

மழைமானி அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலையும் அளந்து கொப்பியில் எழுதுவீர்கள். நான் தினமும் வந்து "எத்தன அண்ணே?" என்று கேட்டேன். நீங்கள்தான் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் கிளம்ப வேண்டும் என்று சொல்லித் தந்தீர்கள். 12, 20 என்று நீங்கள் சொல்லும் நாளில் நான் தூங்கப் பழகினேன். அப்படிக் கேட்டுப் போவது விசுவாசக் குறைவோ என்று பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். "நோவா பேழைய மழைக்கு முன்னாடிதானே கட்டுனாரு. எபிரெயர் 11 அதத்தான் விசுவாசம்னு சொல்லுது" என்றார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை வந்தபோது மானி நிரம்பி வழிந்தது. அண்ணன் லயம் லயமாகக் கதவைத் தட்டினார். என் நெஞ்சு அடித்தது, கை விறைத்தது. ஆனால் விழவில்லை. அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே மாமியாரின் கையைப் பிடித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறினேன். பக்கத்துக் காம்பரா பிள்ளைகள் இருவரையும் நானே கூட்டிப்போனேன். விடிந்தபோது எங்கள் லயத்தின் பின்சுவர் மண்ணுக்குள் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

அந்த மழையில் மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் ஆட்கள் போய்விட்டார்கள். நாங்கள் ஜெபித்தோம், அதனால் தப்பினோம் என்று மட்டும் யாரும் பேச வேண்டாம். போனவர்களும் சாமி கும்பிட்டவர்கள்தான். எனக்குப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று சாட்சி சொல்லவும் கேட்டார்கள். அப்படிச் சொல்லமாட்டேன். பாதிக் குளிசை இன்னும் போடுகிறேன். பயம் வருகிறது, அந்த நாளிலேயே கர்த்தரையும் நம்புகிறேன்.

அத்தை, என் குளிசையை எண்ணி எண்ணி எடுத்து வைத்தீர்கள், ஒரு நாளும் யாரிடமும் குறை சொல்லவில்லை. உங்களுக்கு எழுத்தில் சொன்னால் போதாது.

கடைசியாக ஒன்று. பள்ளிக்கூடத்தில் அந்த இரவு நான் கண்ணயர்ந்த நேரம் யாரோ என் சின்னவன் மேல் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறீர்கள். கறுப்புக் கம்பளி, ஒரு ஓரத்தில் சிவப்பு நூலில் தைத்திருக்கிறது. எல்லாரையும் கேட்டுவிட்டேன், யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. துவைத்துக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொண்டு வருவேன், பின்வாங்கில் வைத்திருப்பேன். தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் முன்பள்ளி டீச்சர்
அப்புத்தளை