வெள்ளை ஈக்கு மருந்து தேடும் முன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. அதற்கான ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை (மருந்தை மட்டும் நம்பாமல் பல வழிகளைச் சேர்த்துக் கட்டுப்படுத்தும்) முறைகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் தொடர்ந்து சொல்லி வருகின்றன. முறையில் குறையில்லை. தோப்புக்கு வந்து சேரும்போது அது மஞ்சள் தாளும் விளக்கெண்ணெயுமாகச் சுருங்கிப் போவதுதான் குறை.

ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்வதற்காக விளக்கெண்ணெய் தடவிக் கட்டும் மஞ்சள் தாளையே எடுத்துக்கொள்வோம். 5 அடி நீளம், 1.5 அடி அகலத்தில் ஏக்கருக்கு 8 முதல் 10 வரை, தரையிலிருந்து ஆறடி உயரத்தில் கட்ட வேண்டும். இதைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் தூசியும் செத்த ஈக்களும் அப்பிய பிறகு அந்தத் தாளில் எதுவும் ஒட்டாது. வாரம் ஒருமுறை துடைத்து மறுபடி எண்ணெய் தடவாவிட்டால் அது வெறும் அலங்காரம். மேலும், தாளில் சிக்குவது பறக்கும் ஈ மட்டுமே. ஓலைக்கு அடியில் சாறு உறிஞ்சும் குஞ்சுகளை அது ஒன்றும் செய்யாது.

குஞ்சுகளை அழிப்பது என்கார்சியா என்னும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. அது முட்டையிட்ட வெள்ளை ஈக் கூடு (ஈயாக மாறுமுன் குஞ்சு இருக்கும் உறை) கறுத்துவிடும். குளவி வெளியேறிய கூட்டில் வட்டத் துளை தெரியும். ஈ வெளியேறிய கூட்டிலோ ஆங்கில ‘T’ எழுத்துபோல் பிளவு இருக்கும். ஒரு கைலென்ஸ் போதும், அடிமட்டையின் கீற்றைத் திருப்பிப் பார்த்து இதை யாரும் பிரித்தறியலாம். கறுத்த கூடுகள் நிறைய இருந்தால் அந்தத் தோப்பில் மருந்துக்கு வேலையில்லை. இல்லாவிட்டால், கறுத்த கூடுகள் மிகுந்த தோப்பிலிருந்து கீற்றுகளை வெட்டி வந்து, 10 மரத்துக்கு ஒரு துண்டு வீதம் தாக்கப்பட்ட ஓலையில் செருகலாம். வெள்ளையாக உயிரோடிருக்கும் குஞ்சுகள் மிகுந்த கீற்றைக் கொண்டுவந்தால் ஈயைத்தான் பரப்புவோம்.

வெள்ளை ஈக் குஞ்சுகளைத் தின்னும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை அட்டையை ஏக்கருக்கு 400 முட்டை என்று பரிந்துரைக்கிறார்கள். வாங்கிவந்து வீட்டில் வைத்திருந்தால் மூன்று நான்கு நாளில் பொரித்து, புழுக்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். வாங்கிய அன்றே கீற்றின் அடிப்புறத்தில் குத்திவிட வேண்டும்.

விவசாயிகளைப் பயமுறுத்துவது ஈயைவிடக் கரும்பூசணம்தான். ஈ கழிக்கும் தேன்போன்ற நீர் கீழ் ஓலைகளில் படிந்து, அதன்மேல் பூசணம் வளர்கிறது. ஈ குறைந்தாலும் அந்தக் கறுப்பு தானாக உடனே போகாது. அதைப் பார்த்து ‘எதுவும் கேட்கவில்லை’ என்று மருந்துக்கடைக்குப் போகிறார்கள். அந்தக் கறுப்பை அகற்ற, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போதும். முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, காய்ச்சி, அளவுக்கு நீர் சேர்த்து வடிகட்டி ஓலையின் மேற்புறத்தில் தெளிக்க வேண்டும். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைபடும். நல்ல வெயில் நாளில் அடித்தால் பசை காய்ந்து பூசணத்தோடு உரிந்து விழும். மேகமூட்டத்தில் அடித்துப் பயனில்லை.

உயரமான மரத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் அது ஓலையின் அடிப்புறத்தை முழுதாக எட்டுவதில்லை. குஞ்சுகளை மெழுகுப் படலமும் காக்கிறது. செத்துவிழுவது பெரும்பாலும் என்கார்சியாதான். அடுத்த தலைமுறை ஈக்கு எதிரியே இருப்பதில்லை. தாக்குதல் மிகக் கடுமையானால் மட்டும் வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் 1 சதவீதம், லிட்டருக்கு 2 மில்லி, ஒட்டும் திரவத்துடன் சேர்த்து அடிக்கலாம். அதற்கு முன், விசைத்தெளிப்பானால் அடிப்புறத்தில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்ப்பது நல்லது.

2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை மருந்துகள் அடக்கவில்லை. 2010-இல் வரவழைக்கப்பட்ட ஒட்டுண்ணிகளே அடக்கின. அன்று ஒட்டுண்ணியை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த அதே பல்கலைக்கழக விரிவாக்க அமைப்பு இன்றும் இருக்கிறது.

எனவே எங்கள் கோரிக்கை இது: பயிற்சியை மண்டபத்தில் படம் காட்டுவதோடு முடிக்காமல், ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் ஒரு தோப்பை எடுத்து, தை மாதம் தொடங்கிக் கோடை முடியும்வரை 15 நாளுக்கு ஒருமுறை விவசாயிகளையே கறுத்த கூடுகளை எண்ண வைக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போட வேண்டும். மானியத்தில் தரும் பெட்டியில் மஞ்சள் தாளோடு ஒரு கைலென்ஸும் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தென்னைப் பயிர்ப் பாதுகாப்புப் பணியில் உள்ளோர்,
ஆனைமலை வட்டாரம்