வயதானவர் தனியாக நடக்கிற ஊர் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் சிங்கப்பூர் வாழ்க்கையையும் நம் ஊர் வாழ்க்கையையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். சிங்கப்பூரில் வசதி இருக்கிறது, வாழ்க்கை இல்லை. நம் ஊரில் வசதி குறைவு என்றாலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று முடித்திருக்கிறார் எழுதியவர். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவன் நான். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நானும் என் மனைவியும் அவனோடு சில மாதம் இருந்துவிட்டு வந்தோம். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். எங்கள் தெரு முனையில் சாக்கடை மேல் போட்ட சிலாப் ஒன்று உடைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் கால் இடறி விழுந்தவள், அப்புறம் துணையில்லாமல் வாசற்படி இறங்குவதே இல்லை. மனு கொடுத்தேன், ரசீதும் வாங்கினேன். சிலாப் அப்படியே இருக்கிறது.

அதே மனுஷி சிங்கப்பூரில் தனியாகத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கினாள், அங்கிருக்கும் வீரமாகாளியம்மன் கோயிலிலும் கும்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். லிஃப்டில் இறங்கினால் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூரை போட்ட நடைபாதை. பஸ்ஸின் தளம் தாழ்வு, அப்படியே கால் வைத்து ஏறிவிடலாம். எதிர் வீட்டு மலாய்ப் பாட்டியோடு சாலையைக் கடந்ததை அவள் இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். பாட்டி சிக்னல் கம்பத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் தன் முதியோர் அட்டையை வைத்தாராம், நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரிந்ததாம். 2009லேயே அங்கே வந்துவிட்ட ஏற்பாடு அது. கிழவி ஒருத்தி சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்து யோசித்திருக்கிறார், ஐயா. இங்கே என் மனைவிக்காக அப்படி யார் யோசித்தார்கள்?

பக்கத்து வீட்டுக்காரர் முகமே அங்கே தெரியாது என்று கட்டுரை சொல்கிறது. 1989லிருந்து ஒவ்வொரு அரசுக் குடியிருப்பு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் கலந்து இருக்கும்படி விகிதம் வைத்திருக்கிறார்கள். அந்த மலாய்ப் பாட்டி எங்களுக்கு எதிர் வீட்டுக்காரர் ஆனது அப்படித்தான். மொழி தெரியாமலே இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

அங்கே குறை இல்லையா என்றால், இருக்கிறது. உணவங்காடிகளில் மேசை துடைக்கிற முதியவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. நம் பக்கத்துப் பையன்கள் லாரியின் பின்னால் உட்கார்ந்து கட்டட வேலைக்குப் போகிறார்கள். மகன் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். இதையெல்லாம் எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நம் ஊரிலும் நல்லது உண்டு. எனக்குக் கண் ஆபரேஷன் அரசு மருத்துவமனையில்தான் நடந்தது, காசு வாங்கவில்லை. 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அருமையான திட்டம். ஆனால் என் மனைவியால் அந்தப் பஸ்ஸின் முதல் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை.

ஆற்றையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் ஆறும் ஒரு காலத்தில் சாக்கடைதான். 1977ல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ அதைச் சுத்தம் செய்யப் பத்து வருஷம் கெடு வைத்தார். பன்றிப் பண்ணைகளை எடுத்தார்கள், தெருவோரக் கடைக்காரர்களுக்கு உணவங்காடிகளில் இடம் கொடுத்தார்கள், சரக்குப் படகுகளை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 1987ல் வேலை முடிந்தது. 2008ல் திறந்த மரினா அணைக்குப் பின்னால் தேங்கும் அந்தத் தண்ணீர் இன்றைக்குக் குடிநீருக்குப் போகிறது. நம் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறக்கிறது. சேலத்துக்குள் நுழைந்ததும் நம் கழிவை எல்லாம் சுமந்துகொண்டு நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. சுகவனேசுவரர் கோயிலுக்கு வந்தவர்கள் அதில் கால் நனைத்துவிட்டுப் போன காலத்தை என் அப்பா சொல்வார். இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். இது உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தும் ஒப்பீட்டுக் கட்டுரையில் ஆற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

2020ல் சேலத்தில் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபோது நீங்கள் பக்கம் பக்கமாகப் பாராட்டினீர்கள். பாலம் நல்ல பாலம்தான். ஐந்து ரோடு சந்திப்பில் அதற்குக் கீழே சாலையைக் கடக்க முடியாமல் நாங்கள் இருவரும் கைபிடித்து நின்றதைக் கடிதமாக எழுதினேன், வரவில்லை. மே மாதம் வந்தால் ஏற்காடு மலர்க் கண்காட்சிக்கு வண்ணப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிறகு, என் மனைவி உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பிடம் தேடி அலைந்தாள். அதையும் எழுதினேன், அதுவும் வரவில்லை. இடம் இல்லை என்று நினைத்துச் சமாதானம் ஆனேன். வாழ்க்கை இல்லாத ஊர் என்று எழுத மட்டும் அரைப் பக்கம் கிடைத்திருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

கட்டுரையாளர் சேலம் வந்தால் எங்கள் வீட்டில் காபி சாப்பிடட்டும். எங்கே நிம்மதியாக இருந்தாய் என்று என் மனைவியிடமே கேட்டு எழுதட்டும். உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: வாசகர் பகுதியில் அந்த உடைந்த சிலாப்பின் போட்டோவை ஒரு முறை போடுங்கள். உங்கள் பத்திரிகையில் வந்தால் மாற்றுவார்கள். போட்டோ எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன், மனு ரசீதின் நகலும் பின்னால் இருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்