'நாம்' என்று பேசுகிறான் ஹாம்லெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியர் நாடகங்களை மேடையிலும் திரையிலும் ஒப்பிட்டு ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழி (பாத்திரம் தன் மனதில் இருப்பதைத் தனியே வாய்விட்டுச் சொல்லும் நீண்ட பேச்சு) திரையில்தான் முழுமை பெறுகிறது, ஏனென்றால் நடிகரின் கண்ணை அருகில் பார்க்க முடிகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கண் தெரிகிறது, உண்மை. ஆனால் அந்தக் கண் யாரைப் பார்க்கிறது?

"இருப்பதா, இல்லாமற் போவதா" என்று தொடங்கும் அந்தப் பேச்சு ஏறத்தாழ 35 வரி. ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியா கண்ணில் படும்வரை அதில் 'நான்', 'என்', 'எனக்கு' என்ற பொருளில் ஒரு சொல்கூட மூலத்தில் கிடையாது. 'நாம்', 'நம்மை' என்ற பொருளில் மட்டும் ஏழு இடங்களில் வருகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பன்மைக்குள் கேட்பவர் இருக்கிறாரா இல்லையா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி; 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. "மனச்சாட்சி நம் எல்லோரையும் கோழையாக்கிவிடுகிறது" என்ற வரியை "என்னைக் கோழையாக்குகிறது" என்று பெயர்த்தால், அரங்கில் இருக்கும் அத்தனை பேரையும் எழுப்பி வெளியே அனுப்பியதற்குச் சமம். "நான் வாழ்வதா சாவதா" என்று தொடங்கும் மொழிபெயர்ப்புகள் முதல் வரியிலேயே அதைச் செய்துவிடுகின்றன.

பெரிய திரைப்படங்கள் இந்தப் பேச்சை என்ன செய்தன என்று பாருங்கள். 1948-இல் தானே இயக்கி ஹாம்லெட்டாக நடித்த லாரன்ஸ் ஒலிவியே கோட்டை உச்சியில், கீழே கடல் கொந்தளிக்க, பாதியை வாய்விட்டும் பாதியை மனக்குரலாகவும் சொன்னார். அதோடு, ஒஃபீலியாவைக் கடிந்து விரட்டும் காட்சிக்குப் பின்னால் பேச்சைத் தள்ளி வைத்தார். மூலத்தில் அது முன்னால் வருவது. இப்படி மாற்றியதும், பொதுவான ஒரு கேள்வி காதலில் நொந்தவனின் புலம்பல்போல் ஆகிவிடுகிறது. 1964-இல் கோசிந்த்சேவ் எடுத்த ரஷ்யப் படத்தில் ஹாம்லெட்டாக வரும் ஸ்மோக்துனோவ்ஸ்கி கடற்கரைப் பாறைகளுக்கிடையே நடக்கிறார். உதடு அசைவதில்லை, குரல் மட்டும் ஒலிக்கிறது. 1996-இல் கென்னத் பிரானா ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். கண்ணாடிக்குப் பின்னால் மன்னன் ஒளிந்து நின்று பார்க்கிறான். ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும், வரி குறைக்காத படம் அது. இந்த மூன்றில் எனக்குப் பிடித்த தீர்வும் அதுதான், ஏனென்றால் பேச்சைக் கேட்க அங்கே ஒருவராவது இருக்கிறார். ஆனால் மூன்றிலுமே நாம் இல்லை.

இன்னொரு இழப்பைப் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஹாம்லெட் தன்னையே திட்டிக்கொள்ளும் தனிமொழியில் "நான் கோழையா? யார் என்னை அயோக்கியன் என்பது?" என்று வரிசையாகக் கேட்கிறான். இவை பதிலை எதிர்பார்க்கும் கேள்விகள். 1965-இல் ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் பீட்டர் ஹால் இயக்கத்தில் டேவிட் வார்னர் நடித்தபோது, பார்வையாளர் ஒருவர் "ஆமாம்" என்று பதில் குரல் கொடுத்தது நாடக வரலாற்றில் பேசப்படும் செய்தி. ஒலிவியே தன் படத்தில் இந்தப் பேச்சில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார். திரையில் கேட்டுப் பதில் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1599-இல் லண்டனில் எழுந்த, ஷேக்ஸ்பியரின் குழு நடித்த குளோப் அரங்கில் நாடகம் பகல் வெளிச்சத்தில் நடந்தது. நடிகருக்குக் கூட்டத்தின் முகம் தெரியும். 1997-இல் லண்டனில் திறந்த இன்றைய குளோப் அரங்கிலும் முற்றத்தில் சுமார் 700 பேர் மேடையை மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்கிறார்கள். இருட்டில் உட்கார்ந்து நாடகம் பார்ப்பது பிற்காலத்தில் வந்த பழக்கம். கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துப் பேசும் தெருக்கூத்து உள்ள ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கி மேடையேற்றிய பம்மல் சம்பந்த முதலியாரின் காலத்திலிருந்து இந்த நாடகம் நம் மேடைக்கும் சொந்தம். ஆகவே கல்லூரிகளில் இதைப் போடுகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தனிமொழியின்போது பார்வையாளர் பகுதியை முழுக்க இருட்டாக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் இருந்தால் நான்கைந்து வரிசை முகங்கள் நடிகருக்குத் தெரியும். டியூப்லைட் மட்டும் உள்ள அரங்கில் மங்கலாக்க வழியில்லை. இரண்டு மேடை விளக்குகளைக் கூரையை நோக்கித் திருப்பி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் இணைத்தால் போதும். நேர் எதிரிலிருந்து முகத்தில் அடிக்கும் விளக்கு கண்ணைக் கூசவைத்து நடிகரைக் குருடாக்கும். இருபுறமும் 45 டிகிரியில் வையுங்கள். நடிகர் மேடையின் முன்விளிம்புக்கு வரட்டும். ஒரு கருத்து முடியும்வரை ஒரே ஒருவரைப் பார்த்துப் பேசி, அடுத்த கருத்துக்கு வேறொருவரிடம் போகட்டும். பலர் தலைகளுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசுகிறார்கள். முதல் மூன்று வரிசைக்காரர்களுக்கு மோவாய்தான் தெரியும். மூச்சை வரி முடிவில் எடுப்பது அடுத்த தவறு. "சாவது, தூங்குவது, அவ்வளவுதான்" என்ற இடத்தில் கருத்து வரிக்கு நடுவே முடிந்து, அடுத்தது வரி தாண்டி ஓடுகிறது. கருத்து முடியும் இடத்தில்தான் மூச்சு. காதோர மைக்கை நம்பிக் கிசுகிசுத்தால் குரல் நடிகரிடமிருந்து வராமல் பக்கத்து ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும். யார் யாரிடம் பேசுகிறார் என்பதே கெட்டுவிடும்.

படம்பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேமரா ஒன்று பார்வையாளர் நடுவே, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் இருக்கட்டும். பக்கவாட்டிலிருந்து நெருங்கி எடுத்தால் பேச்சு மீண்டும் தனக்குள் பேசுவதாக மாறிவிடும். வெளிச்ச அளவைத் தானியங்கியில் விட்டால் பின்புலத்தின் கறுப்பைப் பார்த்துக் கேமரா திறந்துகொள்ளும், முகம் வெள்ளையாக வெந்துபோகும். முகத்துக்கு அளந்து பூட்டிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி என்று வைத்தால் விளக்குச் சிமிட்டல் பெரும்பாலும் தெரியாது. மேடை மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்சரிலிருந்து வரும் ஒலியோடு, பார்வையாளர் பக்கம் தனியாக ஒரு மைக் தொங்கட்டும். அவர்கள் அசைவதும் அடங்குவதும் பதிவில் இருக்க வேண்டும்.

ஒஃபீலியாவைக் கண்டதும் "உன் பிரார்த்தனையில் என் பாவங்களையும் நினைத்துக்கொள்" என்கிறான் ஹாம்லெட். பேச்சில் முதல்முறையாக 'என்' வருகிறது. நடிகர் அரங்கை விட்டு அவள் பக்கம் திரும்ப வேண்டிய இடம் அது. பக்கவாட்டுக் கேமராவுக்கு மாறுவதும் அந்தச் சொல்லில்தான், அதற்கு முன்னால் அல்ல.

இப்படிக்கு,
நாடக வாசகர்,
திருச்சிராப்பள்ளி.