டிஸ்க் கோல்ஃப் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு சங்கம் செய்து முடித்த பணிகளையும், இன்னும் முடியாமல் நிற்கும் பணிகளையும் செயற்குழுவின் சார்பில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு செயற்குழுக் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஒரே கேள்விதான்: ஏழாவது கூடைக்குப் போகும் வழியில் நிற்கும் மரங்களை என்ன செய்வது? ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எறிமேடையிலிருந்து வட்டை எறிந்து, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் கூடையில் விழச் செய்வதுதான் நம் டிஸ்க் கோல்ஃப் ஆட்டம். ஏழாவது கூடையை அறியாதவர்கள் இங்கே இருக்க முடியாது. எறிமேடையிலிருந்து சில எட்டு தூரத்திலேயே இரண்டு பெரிய மரங்கள் பக்கத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. நடுவே ஓர் ஆள் இரு கைகளையும் விரித்து நிற்கும் அளவுக்குத்தான் இடைவெளி. அதைத் தாண்டினால் பாதை மெல்ல இடப்பக்கம் வளைந்து மேடேறுகிறது. கூடை உச்சிக்குச் சற்றுக் கீழே, சரிவிலேயே நிற்கிறது. முழு வலுவோடு எறியப்படும் வட்டுகளில் பாதிக்குமேல் முதல் மரத்திலேயே மோதித் திரும்புகின்றன. எனவே வலப்புற மரத்தை அகற்றவும், இடப்புற மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழிக்கவும் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் எழுத்துமூலம் கோரினார்கள். புதிதாக வருபவர்கள் அந்த இடத்தில் மனம் தளர்ந்து, மறுமுறை வராமல் போய்விடுகிறார்கள் என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் செயற்குழு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஏன் என்று பொதுக்குழுவுக்கு விளக்குவது என் கடமை.

இந்த விளையாட்டு பொதுப் பூங்காவில் பிறந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் எட் ஹெட்ரிக் அமைத்ததே முதல் நிரந்தரத் தளம். முதலில் அங்கே நட்ட கம்பங்கள்தாம் இலக்கு. வட்டு கம்பத்தில் பட்டதா, இல்லையா என்ற வாக்குவாதம் ஓயாததால்தான் அவர் சங்கிலிகள் தொங்கும் கூடையை உருவாக்கினார். 1977இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. விதிகளை வகுக்கும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் 1976இல் தோன்றியதும் அவருடைய முயற்சியால்தான். தொடக்கத்திலிருந்தே இந்த விளையாட்டு ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்கு நடுவே, ஏற்கெனவே கிடக்கும் மேடுபள்ளங்களின்மீது தன்னைப் பொருத்திக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறது. புல்வெளியைச் செப்பனிட்டு, மணற்குழி தோண்டித் தளம் அமைக்க வேண்டிய தேவை இதற்கு இல்லை. பூங்கா நிர்வாகங்கள் நம்மைப் போன்ற சங்கங்களுக்கு இடம் கொடுப்பதும் அதனால்தான். நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பறவை பார்க்க வருபவர்களுக்கும் அந்த மரங்கள் நம்மைப் போலவே சொந்தம். ஒரு கூடையை எளிதாக்குவதற்கு அவற்றில் ஒன்றைக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை என்பதில் செயற்குழு ஒருமனதாக இருந்தது.

அடுத்தது ஆட்டத்தைப் பற்றியது. அந்த எறிமேடையில் நம்மில் பலரும் கையில் எடுப்பது பொருந்தாத வட்டு. நீள்தூரத்துக்கான டிரைவர் வகை வட்டு தனக்குரிய வேகம் கிடைத்தால்தான் நேராகப் போகும். அந்த வேகம் கையில் இல்லாதவர் எறிந்தால், வலக்கை பேக்ஹேண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசும் முறையில், அது சீக்கிரமே இடப்பக்கம் சாய்ந்து விழும். மேட்டை நோக்கி எறியும்போது வட்டு விரைவாக வேகம் இழப்பதால் இந்தச் சாய்வு இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடும். போதாததற்கு, உயரத்தைப் பார்த்தவுடன் நம் கை தானாகவே வட்டின் முன்விளிம்பைத் தூக்கிவிடுகிறது. வட்டு எழும்பி, நின்று, பின்னால் சரிகிறது. நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்ச் வட்டையோ கூடைக்கு அருகில் பயன்படுத்தும் பட்டரையோ எடுத்து, சரிவின் கோட்டுக்கு இணையாக முன்விளிம்பை வைத்து, முக்கால் வலுவில் எறிந்தால் அது இடைவெளியை நேராகக் கடந்து வளைவில் போய் இறங்குகிறது. அங்கிருந்து இரண்டாம் வீச்சுக்குக் கூடை தெளிவாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிகளில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். எல்லோரையும்விட நிதானமாக அந்த இடைவெளியைக் கடந்தவர்கள், கைவலு குறைந்த நம் இளைய உறுப்பினர்களும் மூத்த உறுப்பினர்களும்தான்.

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். பதினான்காவது கூடையை நோக்கிக் கீழே எறியும்போது வட்டு நெடுநேரம் காற்றில் நிற்கிறது. மேட்டில் முறுக்கிக்கொண்டு இடப்பக்கம் விழும் அதே வட்டு, இங்கே வலப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். ஏற்றத்துக்கு ஒரு வட்டு, இறக்கத்துக்கு ஒரு வட்டு என்று பையில் பிரித்து வைத்துக்கொள்வதுதான் காட்டுத் தளத்தின் முதல் பாடம்.

ஏழாவது கூடைக்கு வருகிறேன். மரங்களைத் தொடாமல் என்ன செய்தோம்? பூங்கா நிர்வாகத்தின் ஒப்புதலோடு, இடைவெளியைத் தாண்டிய சமதளத்தில் புதியவர்களுக்கென்று இரண்டாவது எறிமேடை அமைத்தோம். பழைய மேடை போட்டிகளுக்கு அப்படியே இருக்கிறது. புதியவர்கள் எந்த மேடையிலிருந்து எறிகிறார்கள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இடப்புற மரத்தின் அருகில் போய் ஒருமுறை பாருங்கள். நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை பெயர்ந்திருக்கிறது. அதைச் சுற்றிப் பிறை வடிவில் சிறு சிறு வெட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு வட்டின் விளிம்பு பட்ட இடம். சில வெட்டுகளில் நீல, ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தேய்ந்து ஒட்டியிருக்கிறது. 1983இல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாக்கி வடிவமைத்த வட்டு வந்த பிறகுதான் இந்த விளையாட்டில் தூரம் கூடியது. அதே மெல்லிய விளிம்புதான் பட்டையையும் வெட்டுகிறது. விதிப்படி ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு 8.3 கிராம் வரை எடை இருக்கலாம். 21 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டு ஏறக்குறைய 174 கிராம் வரை வரும். அந்த எடை முழு வேகத்தில் வந்து மோதும்போது, இலைகள் உருவாக்கும் உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் அடுக்கு பட்டையோடு சேர்ந்து கிழிகிறது. மரத்தின் காயம் நம் தோல் ஆறுவது போல ஆறுவதில்லை. சேதமான திசு அப்படியே உள்ளே இருக்க, மரம் அதைச் சுற்றிப் புதிய திசுவை வளர்த்து மூடப் பார்க்கிறது. மூடி முடிப்பதற்குள் அதே இடத்தில் அடுத்த அடி விழுந்தால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். இவ்வாண்டு எறிமேடைகளுக்கு அருகிலுள்ள மரங்களில், அடி அதிகம் விழும் உயரத்தில் மரப்பட்டிகைகளைக் கயிற்றில் கோத்துச் சுற்றியிருக்கிறோம். ஆணி எங்கும் அடிக்கவில்லை. மரம் பருக்கும்போது கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் காப்பே சுருக்காகிவிடும். இந்த வேலைக்கு ஆண்டுதோறும் ஆட்கள் தேவை.

மண்ணின் நிலை மரங்களின் நிலையைவிட எனக்குக் கவலை தருகிறது. பதினொன்றாவது கூடை நிற்கும் சரிவில் எல்லோரும் ஒரே தடத்தில் ஏறி இறங்கியதால் புல் போய், மண் இறுகிவிட்டது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது. தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். சென்ற மழைக்காலம் முடிந்தபோது கூடையைச் சுற்றி வேர்கள் விரல் தடிமனுக்கு வெளியே தெரிந்தன. விழுந்த மரங்களின் தண்டுகளைச் சரிவுக்குக் குறுக்கே பதித்து நீரின் வேகத்தைத் தடுத்தோம். வேர்களின்மீது மரச்சீவல் பரப்பினோம். இவற்றைவிடப் பலன் தந்தது, கூடைக்கு இரண்டாவது நிலை ஒன்றை அமைத்து இரண்டுக்கும் இடையே மாற்றி மாற்றி வைத்ததுதான். ஓய்வு கிடைத்த இடத்தில் பச்சை திரும்பத் தொடங்கியிருக்கிறது. தட்டையான இடத்துக்குக் கூடையைக் கொண்டுபோய்விடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அதற்கு நான் உடன்படவில்லை. சரிவில் நிற்கும் கூடையின் சுவையே வேறு. விளிம்பில் பட்ட வட்டு செங்குத்தாக எழுந்து, உருண்டு, அடிவாரம் வரை போய்விடும் அபாயம் இருப்பதால்தான், நேராக எறிவதா, பக்கத்தில் பத்திரமாகப் போட்டுவிட்டு அடுத்த வீச்சில் முடிப்பதா என்று ஆட்டக்காரர் நின்று யோசிக்கிறார். அந்த யோசனையைப் பறித்துவிட்டால் ஆட்டத்தில் பாதி போய்விடும்.

பாதுகாப்பு குறித்து ஒரு நிகழ்வைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பதினான்காவது கூடையின் பாதையைக் கடக்கும் நடைபாதையில், குழந்தையோடு வந்த ஒருவரின் அருகே வட்டு ஒன்று விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. மரங்கள் மறைத்ததால் எறிந்தவருக்கு நடைபாதை தெரியவே இல்லை. அடுத்த வாரமே அந்த எறிமேடையை மூடினோம். நடைபாதையை எந்த இடத்திலும் கடக்காதபடி மேடையைத் திருப்பி அமைத்த பின்னரே அந்தக் கூடை மீண்டும் திறக்கப்பட்டது. ஆட்டத்தின் நீளம் குறைந்துவிட்டது என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எறியும் பாதை பொதுப் பூங்காவில் இருக்கவே கூடாது. மற்ற இடங்களில் நடப்பவர்களுக்கே முன்னுரிமை. அவர்கள் கடந்து முடிக்கும்வரை வட்டைக் கீழே பிடித்துக் காத்திருக்க வேண்டும்.

வாராந்திர ஆட்டங்கள் மழை நாட்கள் தவிர தடையின்றி நடந்தன. மகளிருக்கான காலை ஆட்டம் இவ்வாண்டு புதிதாகத் தொடங்கி நிலைபெற்றுவிட்டது. அதை முன்னின்று நடத்தும் உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

விதிகள் வகுப்பில் அதிகம் கேட்கப்பட்டவை காட்டுத் தளத்துக்கே உரிய ஐயங்கள். வட்டு புதருக்குள் கிடந்தால் கிளையை வளைத்து, மிதித்து, ஒடித்து இடம் செய்துகொள்ளக் கூடாது. செடிகொடிகளை மிகக் குறைவாக அசைக்கும் நிலையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கால் வைக்கும் இடம், வட்டு கிடந்த இடத்தைக் குறிக்கும் அடையாள வட்டுக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட பரப்பு. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறிந்தால், உடல் நிலைகொண்டதைக் காட்டிய பிறகே முன்னால் அடி வைக்கலாம்; இறக்கத்தில் நின்று எறியும்போது இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காணாமல்போன வட்டைத் தேட 3 நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஓர் அபராத வீச்சு, முன்பு எறிந்த இடத்திலிருந்தே மறுபடி எறிய வேண்டும். இலையுதிர் காலத்தில் மஞ்சள், ஆரஞ்சு வட்டுகள் சருகோடு சருகாகிவிடுகின்றன. இளஞ்சிவப்பும் அடர்நீலமும் கண்ணில் படும். குழுவில் ஒருவர் முன்னே போய் ஓரமாக நின்று, வட்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்லும் வழக்கத்தை எல்லாக் குழுக்களும் மேற்கொள்ளுங்கள். கண்டெடுத்த வட்டுகள் பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. பெயர் எழுதியவை உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன, எழுதாதவை காத்துக்கிடக்கின்றன.

நிலுவையில் இருப்பவை: மூன்றாவது கூடையின் சங்கிலிகளில் இரண்டு அறுந்திருக்கின்றன, நல்ல வட்டும் ஊடுருவி வெளியே போய்விடுகிறது. மாற்றுச் சங்கிலி வந்துசேர்ந்ததும் பொருத்தப்படும். பதினாறாவது எறிமேடையில் மழைக்குப் பின் கால் வழுக்குகிறது. சொரசொரப்பான தளம் போடும்வரை ஓட்டமெடுத்து எறிவதைத் தவிருங்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. தளத்தின் எந்தக் கூடைக்காகவும் உயிருள்ள மரத்தை அகற்றும்படி சங்கம் கோராது என்பது முதலாவது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் பிறகு தளத்தை மூடி, மண்ணையும் மரக்காப்புகளையும் சரிபார்த்த பின்னரே மீண்டும் திறப்பது என்பது இரண்டாவது. இரண்டின்மீதும் உறுப்பினர்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம். ஏழாவது கூடை பற்றிக் கோரிக்கை அளித்தவர்கள் முதலில் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்